அருவிக்கரை குடிநீர்: சுத்திகரிப்புச் செலவை யார் யார் சுமக்கிறார்கள்?

திருவனந்தபுரம்: நாகர்கோவில் - திருவனந்தபுரம் ரயில் பாதையை இரட்டைப் பாதையாக்கும் பணிக்காக, 2024 செப்டம்பரில் தண்டவாளத்தின் அடியில் செல்லும் குடிநீர்க் குழாய்களை இடம் மாற்ற வேண்டியிருந்தது. குறித்த நேரத்தில் பணி முடியாததால், கேரளத் தலைநகரின் 44 வார்டுகள் நான்கு நாட்கள் குடிநீரின்றித் தவித்தன. செப்டம்பர் 9-ம் தேதி நகரப் பள்ளிகளுக்கு விடுமுறை அளிக்கப்பட்டது.

நகரத்தின் குடிநீர் பெரும்பாலும் ஒரே இடத்தை நம்பியிருப்பதன் ஆபத்தை அந்த நாட்கள் உணர்த்தின. கரமனை ஆற்றின் குறுக்கே அமைந்துள்ள அருவிக்கரைதான் அந்த இடம். 1933-ல் வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு தொடங்கி வைத்த திட்டம் இது. ஆற்றின் மேற்பகுதியில் 1983-ல் பேப்பாறை அணை பயன்பாட்டுக்கு வந்தது. மாநகராட்சிக்கு மட்டுமன்றி, அதை ஒட்டியுள்ள ஊர்களுக்கும் இங்கிருந்தே தண்ணீர் செல்கிறது. அப்படியெனில் சுத்திகரிப்பு நிலையத்தை மேம்படுத்தும் செலவை இந்த ஊர்கள் எப்படிப் பகிர்ந்துகொள்கின்றன?

ஊர்களுக்கு இடையே நேரடி ஒப்பந்தம் எதுவும் இல்லை என்பதே விடை. நிலையங்களும் குழாய்களும் 1984-ல் உருவான கேரள நீர் ஆணையத்தின் வசம் உள்ளன. மாநிலம் முழுவதும் ஒரே கட்டண விகிதம். 2023 பிப்ரவரியில் லிட்டருக்கு 1 பைசா உயர்த்தப்பட்டபோது, அருவிக்கரை நீரைக் குடிப்பவரும் காசர்கோட்டில் இருப்பவரும் அதைச் சமமாகவே ஏற்றனர். ஆயிரம் லிட்டர் நீரை வழங்க ஏறத்தாழ 23 ரூபாய் செலவாகிறது, வருவாயோ சுமார் 11 ரூபாய்தான் என்பது அப்போது அரசுத் தரப்பு முன்வைத்த கணக்கு. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு மாதம் 15,000 லிட்டர் வரை இலவசம்.

புதிய கட்டுமானங்களுக்கான கணக்கு வேறு. அருவிக்கரையில் நாளொன்றுக்கு 7.5 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தை 2021 பிப்ரவரி 19-ம் தேதி பிரதமர் மோடி திறந்து வைத்தார். பழைய நிலையங்களில் பராமரிப்புப் பணி நடக்கும்போதும் நகருக்கு நீர் தடைபடாமல் இருப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அம்ருத் திட்டத்தில் அது கட்டப்பட்டது. கேரளத்தில் அத்திட்டத்தின் செலவில் மத்திய அரசின் பங்கு 50 சதவீதம், மாநில அரசின் பங்கு 30 சதவீதம், உள்ளாட்சியின் பங்கு 20 சதவீதம். முதல் கட்ட அம்ருத்தில் இடம்பெற்ற ஒன்பது கேரள நகரங்களில் திருவனந்தபுரம் உண்டு. நெடுமங்காடும் நெய்யாற்றின்கரையும் இல்லை. கிராமங்களுக்கான ஜல் ஜீவன் திட்டமோ தனிக் கணக்கு. ஆறு ஒன்று, நிதி வரும் வழிகள் பல என்பதே இதன் சிக்கல்.

தமிழகத்தின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் பகிர்வு இன்னும் வெளிப்படையானது. குடிநீர் வடிகால் வாரியம் மொத்தமாக நீரை வழங்க, ஒவ்வொரு உள்ளாட்சியும் தான் பெற்ற அளவுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். பணம் நிலுவையில் நிற்பது அங்குள்ள தீராத தொல்லை.

எழுத்து வடிவ ஒப்பந்தத்துக்குச் சிறுவாணி சான்று. கேரள எல்லைக்குள் அமைந்த அந்த அணை, 1973-ல் இரு மாநிலங்களும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி தமிழகத்தின் செலவில் கட்டப்பட்டது. பராமரிப்புக்கும் தமிழகமே பணம் தருகிறது. இருந்தும், பாதுகாப்பைக் காரணம் காட்டி முழுக் கொள்ளளவுக்கு நீரைத் தேக்கக் கேரளம் தயங்குவதால், கோடையில் கோவைக்கு வரும் நீர் குறைகிறது. செலவை ஏற்றவருக்கு மதகின் மீது அதிகாரம் இல்லை.

திருவனந்தபுரத்துக்கும் இதே கேள்வி காத்திருக்கிறது. 2017 வறட்சியில் பேப்பாறை வற்றியபோது, நெய்யாறு நீர்த்தேக்கத்தின் காப்புக்காட்டில் இருந்து நீர் இறைக்கப்பட்டு, ஓடை வழியாக அருவிக்கரைக்குக் கொண்டுவரப்பட்டது. நெய்யாற்றை நிரந்தர மாற்று ஆதாரமாக்கும் யோசனையும் எழுந்தது. ஆனால் அதே ஆற்று நீரைக் குடிக்கும் ஊர்கள் நெய்யாற்றின்கரைப் பகுதியில் உள்ளன. கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு வட்டப் பாசனத்துக்காகத் தமிழகமும் நெய்யாற்றில் உரிமை கோரி உச்ச நீதிமன்றத்தை நாடியுள்ளது.