ஒரே ஃபார்முலா.. ஆனா இன்ஜினில் வேற வேற குணம்! கார்பனின் 4 வகைகள் என்ன? - எளிய விளக்கம்

பெட்ரோலுக்கு 91, 95, 100 என ஆக்டேன் எண் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த எண் ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது? பதில், வேதியியல் பாடத்தில் வரும் ஒரு சின்ன கணக்கில் இருக்கிறது. ஒரு கார்பன் அணுவுக்குப் பக்கத்தில் எத்தனை கார்பன்கள்? அவ்வளவுதான் கேள்வி.

எப்படி வகைப்படுத்துவது?

ஒரு கார்பனைத் தொடுங்கள். அதோடு நேரடியாகப் பிணைந்த கார்பன்களை மட்டும் எண்ணுங்கள்.

• 1 கார்பன் என்றால் ஓரிணைய கார்பன்
• 2 என்றால் ஈரிணைய கார்பன்
• 3 என்றால் மூவிணைய கார்பன்
• 4 என்றால் நான்கிணைய கார்பன்

உதாரணமாக, சமையல் கேஸில் இருக்கும் புரோப்பேனில் 3 கார்பன்கள் வரிசையாக நிற்கின்றன. ஓரத்தில் உள்ள இரண்டும் ஓரிணையம். நடுவில் உள்ளது ஈரிணையம்.

மாணவர்கள் தவறுவது எங்கே?

ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து எண்ணிவிடுவதுதான் பிரச்னை. எத்தனாலில் ஆக்சிஜன் ஒட்டியிருக்கும் கார்பனைப் பாருங்கள். அதற்கு ஒரே ஒரு கார்பன்தான் துணை. எனவே அது ஓரிணையமே.

ஒரே எண்ணிக்கை, வேறு அமைப்பு

சாதாரண ஆக்டேன், ஐசோ ஆக்டேன் இரண்டிலுமே 8 கார்பன், 18 ஹைட்ரஜன். ஆனால் சாதாரண ஆக்டேன் ஒரு நேர்ச் சங்கிலி. அதில் 2 ஓரிணையம், 6 ஈரிணையம். ஐசோ ஆக்டேன் கிளை விட்ட மூலக்கூறு. அதில் 5 ஓரிணையம், மற்ற மூன்று வகையிலும் தலா ஒன்று. ஆக, நான்கு வகையும் ஒரே மூலக்கூறில்!

இன்ஜினில் என்ன நடக்கிறது?

சிலிண்டருக்குள் அழுத்தப்படும் பெட்ரோல், ஸ்பார்க் பிளக்கில் இருந்து பரவும் தீயால்தான் எரிய வேண்டும். அந்தத் தீ வந்து சேரும் முன்பே ஒரு பகுதி தானாகப் பற்றிக்கொண்டால் 'டக் டக்' என்று சத்தம் கேட்கும். இதுதான் நாக்கிங். தொடர்ந்தால் பிஸ்டனே சேதமாகலாம்.

தானாகப் பற்றுவதற்கு முதல் படி, கார்பனில் இருந்து ஹைட்ரஜன் பிரிவது. ஓரிணைய கார்பன் தன் ஹைட்ரஜனை இறுக்கிப் பிடித்திருக்கும். ஈரிணையத்தில் பிடி தளர்வு, மூவிணையத்தில் இன்னும் தளர்வு. நான்கிணையத்தில் பிரிய ஹைட்ரஜனே கிடையாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். சாதாரண ஆக்டேனின் 18 ஹைட்ரஜனில் 12 தளர்வான ஈரிணையத்தில் இருக்கின்றன. ஐசோ ஆக்டேனிலோ 15 ஹைட்ரஜன்கள் இறுக்கமான ஓரிணையத்தில்! ஈரிணையத்தில் 2, மூவிணையத்தில் 1 மட்டுமே. அதனால்தான் அது எளிதில் தானாகப் பற்றுவதில்லை.

100-ம் 0-வும்

ஆக்டேன் அளவுகோலில் ஐசோ ஆக்டேனுக்கு 100, எளிதில் நாக் ஆகும் நேர்ச் சங்கிலி ஹெப்டேனுக்கு 0. பெட்ரோலில் 91 என்றால், 91% ஐசோ ஆக்டேனும் 9% ஹெப்டேனும் சேர்ந்த கலவை அளவுக்கு அது நாக்கிங்கைத் தாங்கும் என்று அர்த்தம். பெயரிலேயே ஆக்டேன் இருந்தும், நேர்ச் சங்கிலி ஆக்டேனின் மதிப்பு 0-க்கும் கீழே!