தாத்தாப்பூவும் கரிசலாங்கண்ணியும்

கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்த வரப்பு, தோவாளை சானல் கரை, தண்டவாளத்து ஜல்லி, தென்னந்தோப்பு. நாஞ்சில் நாட்டில் தாத்தாப்பூ முளைக்காத இடம் குறைவு. வெட்டுக்காயப் பூண்டு, கிணற்றடிப் பூண்டு, மூக்குத்திப்பூ என்று ஏகப்பட்ட பெயர்கள் இருப்பதால் ஆதியிலிருந்தே நம்மோடு இருந்த செடி என்றுதான் தோன்றும். ஆனால், அதன் பூர்வீகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். 1753-ல் லின்னேயஸ் அதற்கு 'டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ்' என்று பெயர் வைத்தபோது, மெக்சிகோவின் வெராகுரூசைத்தான் அதன் ஊராகக் குறித்தார்.

ஒரு பூவைக் கிள்ளிக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். நடுவே மஞ்சள் கொத்து, சுற்றிலும் வெளிறிய இதழ்கள், பெரும்பாலும் ஐந்து. ஒவ்வொரு இதழின் நுனியும் மூன்று பல்லாக வெட்டுப்பட்டிருக்கும். இந்தப் பல் வரிசைதான் முக்கிய அடையாளம். செடி தரையில் படுத்துக் கிடக்கும். பூக்காம்பு மட்டும் சாண் உயரத்துக்கு இலையில்லாமல், ரோமத்தோடு விறைத்து நிற்கும். பிள்ளைகள் பூவைத் தாத்தாவின் தலையாக்கி, கட்டைவிரலால் சுண்டித் தெறிக்கவிடுவது இந்தக் காம்பு இருப்பதால்தான். முற்றினால் தலை பஞ்சு உருண்டையாகிவிடும். ஒவ்வொரு விதைக்கும் இறகுபோல ஒரு குஞ்சம். ஆரல்வாய்மொழிக் காற்று அதைச் சும்மா விடுமா!

வெட்டுக்காயத்துக்கு இலையைக் கசக்கிப் பிழிவது ஊர் வழக்கம். அதில் பெரிய குழப்பமில்லை. கரிசலாங்கண்ணிக் கீரை என்று பறிக்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று பலர் ஓடையோரத்தில் பறிப்பது சிங்கப்பூர் டெய்சியை. அதுவும் அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடிதான். அழகுக்காகத் தோட்டத்தில் வைத்தது, வேலி தாண்டி ஈரமுள்ள இடமெல்லாம் படர்ந்துவிட்டது. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இதற்கும் இடம் உண்டு. இலை தடித்துப் பளபளக்கும், பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். பூ தாத்தாப்பூவைவிடப் பெரிது, பளிச்சென்ற மஞ்சள். மஞ்சள் கரிசலாங்கண்ணி இலையோ ஒடுங்கி நீண்டு, சொரசொரப்பாக, மடல் பிரியாமல் இருக்கும். வெள்ளைக் கரிசலாங்கண்ணியில் ஏமாறவே வேண்டாம்: பூ சின்ன வெள்ளைப் பொட்டு, தண்டைக் கசக்கினால் விரல் கறுக்கும்.

இலை மூன்றாகப் பிரிந்திருந்தால் சமையலுக்குப் பறிக்காதீர்கள். வீட்டில் படர்ந்ததை வெட்டினால் சானலில் வீசவும் வேண்டாம். ஒரு கணு மிஞ்சினாலும் போய்ச் சேரும் இடத்தில் அது வேர் பிடித்துவிடும்.