பூட்டி வெச்சா பாதுகாப்பா?

இந்த எபிசோடுல பாலியல் வன்முறை பத்திப் பேசுறோம். இப்போ கேட்க மனசு இல்லைன்னா அப்புறமா வாங்க.

எங்க ஊர் ஸ்ரீவைகுண்டத்துல ஒரு அத்தை, அறிவுசார் குறைபாடு உள்ள மகளை வளர்க்கிறாங்க. "பிள்ளைய வாசலத் தாண்டி விடுததே இல்ல தம்பி. பொறவு என்ன பயம்?"னு கேட்டாங்க. நிறைய வீடுகள்ல இதே நம்பிக்கைதான்.

2009-ல சண்டிகர்ல என்ன நடந்ததுன்னு பாருங்க. பெற்றோர் இல்லாத, லேசான அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு பெண். இருந்தது அரசு நடத்தின நாரி நிகேதன் இல்லத்துல. அங்கேயேதான் பாலியல் வன்கொடுமை நடந்தது. வேற இல்லத்துக்கு மாத்தின பிறகு, மே மாசம், மருத்துவப் பரிசோதனையில அவங்க கர்ப்பமா இருக்கிறது தெரிஞ்சது. கருவைக் கலைக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். அவங்களோ குழந்தை வேணும்னு சொன்னாங்க. அவங்க சம்மதம் இல்லாம கலைக்கக் கூடாதுன்னு சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னுச்சு.

நம்ம பக்கமும் இருக்கு. 2023-ல விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர்ல, உரிமம் இல்லாம நடந்த ஒரு காப்பகத்துக்குள்ள பாலியல் வன்முறை நடந்ததா புகார் வந்து, சிபிசிஐடி விசாரணை வரைக்கும் போச்சு.

ஃபயர்வால் போட்டாச்சு, உள்ள எதையும் கண்காணிக்க வேண்டாம்னு எந்த இன்ஜினியரும் சொல்ல மாட்டான். ஆபத்து உள்ள இருந்தும் வரும். குளிப்பாட்டுறவங்க, வண்டியில கூட்டிட்டுப் போறவங்க, சொந்தக்காரங்க: நாம நம்புறவங்களாவே இருக்கலாம்.

எச்.ஐ.வி. எங்க வருது?

'இவங்களுக்குப் பாலியல் வாழ்க்கையே கிடையாது'ன்னு நாமளே முடிவு பண்ணிடுறோம். அதனால ஆணுறை பத்தி யாரும் சொல்லித் தர்றதில்லை, யாரும் டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறதில்லை. 2004-ல யேல் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் நடத்தின உலகளாவிய ஆய்வு, இந்தத் தப்பான எண்ணத்தாலதான் எச்.ஐ.வி. திட்டங்கள் மாற்றுத்திறனாளிகளை விட்டுட்டுப் போகுதுன்னு காட்டுச்சு.

72 மணி நேரம்

வன்கொடுமை நடந்திருந்தா, 72 மணி நேரத்துக்குள்ள தடுப்பு மருந்து ஆரம்பிக்கணும். 28 நாள் சாப்பிடணும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஸ்ரீவைகுண்டத்துல இருந்து தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பஸ்ஸுலயே போயிடலாம். நேரத்தைத் தின்னுறது தூரம் இல்லை, 'வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்'ங்கிற தயக்கம்தான்.

அரசு மருத்துவமனையோ தனியாரோ, உடனே இலவசமா சிகிச்சை தரணும்னு சட்டமே சொல்லுது. 'முதல்ல போலீஸ்ல புகார் குடுத்துட்டு வா'ன்னு திருப்பி அனுப்பக் கூடாது. போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டியது மருத்துவமனையோட பொறுப்பு.

ஸ்டேஷனுக்கு அலையணுமா?

வேண்டாம். பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு அறிவுசார் குறைபாடு இருந்தா, போலீஸ் வீட்டுக்கே வந்து, சிறப்பு ஆசிரியரை வெச்சு வாக்குமூலம் வாங்கி, அதை வீடியோ எடுக்கணும். மாஜிஸ்திரேட் முன்னாடி பதிவு பண்ணின வாக்குமூலமே முதல் விசாரணையா எடுத்துக்கப்படும். கோர்ட்டுல மறுபடி முதல்ல இருந்து சொல்ல வேண்டாம், குறுக்கு விசாரணை மட்டும்தான்.

18 வயசுக்குள்ளன்னா போக்சோ. ஆனா மன வயசை வெச்சு போக்சோ பொருந்தாது, பிறந்த தேதிதான் கணக்குன்னு 2017-ல உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிடுச்சு. 18 தாண்டின பெண்ணுக்கு வன்கொடுமை நடந்தா, அவங்க குறைபாட்டையும் கணக்குல எடுத்து, குறைஞ்சது 10 வருஷ தண்டனை.

வீட்டுல என்ன பண்ணலாம்?

சின்ன வயசுல இருந்து 'சொன்னபடி கேளு, நல்ல பிள்ளை'ன்னுதான் இவங்களை வளர்க்கிறோம். தப்பு பண்றவனுக்கு அதுதான் வசதி. 'வேண்டாம்'னு சொல்லவும் பழக்குங்க. மாமா முத்தம் குடுக்க வந்தாலும் அவ வேண்டாம்னா வேண்டாம்தான். நாமளும் அதை மதிக்கணும். 'அந்த எடம்'னு மழுப்பாம, உடல் உறுப்புகளோட பேரைச் சொல்லிக் குடுங்க. பேச்சு வரலைன்னா படம் போதும். யார்கிட்ட சொல்லணும்னு ரெண்டு பேரை அடையாளம் காட்டுங்க. ஒரு தடவை சொன்னா போதாது, திரும்பத் திரும்பச் சொல்லணும். மகன்களுக்கும் இதே பாடம்தான்.

குளிக்க மறுக்கிறது, ஒரு குறிப்பிட்ட ஆளைப் பார்த்தா ஒதுங்குறது, திடீர்னு தூக்கம் கெடுறது: இதை 'அடம்'னு தள்ளிவிடாதீங்க. அதுவும் ஒரு வாக்குமூலம்தான்.

நம்பர் சேவ் பண்ணிக்கோங்க: குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, எச்.ஐ.வி. சந்தேகங்களுக்கு 1097. எச்.ஐ.வி. டெஸ்ட் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துல இலவசம்.

இந்த எபிசோடை, வீட்டுல இப்படி ஒருத்தரைப் பார்த்துக்கிற யாருக்காவது அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.