தேவையற்ற நூல்களை அகற்றுதல்

தேவையற்ற நூல்களை அகற்றுதல் என்பது பயன்பாடு முடிந்த, சிதைந்த, அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் உள்ள நூல்களைச் சூழலுக்குத் தீங்கு குறைந்த வகையில் அப்புறப்படுத்துவதைக் குறிக்கும். மீள்பயன்பாடு, மறுசுழற்சி, மக்கவைத்தல் என்பது இதில் பின்பற்றத்தக்க வரிசையாகும். எனினும் நூல் வெறும் காகிதம் அன்று. அது ஒரு பதிப்பின் எஞ்சிய ஒரே படியாகவும் இருக்கக்கூடும். எனவே அகற்றும் முன் அதன் அருமையை அறிதல் வேண்டும்.

வரலாறு

தமிழகத்தில் சிதைந்த ஓலைச்சுவடிகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. படியெடுக்கப்படாமல் விடப்பட்ட சுவடிகளோடு அவற்றிலிருந்த நூல்களும் அழிந்தன. சுவடி தேடி அலைந்த உ. வே. சாமிநாதையர் இத்தகைய இழப்புகளைத் தமது தன்வரலாறான "என் சரித்திரம்" நூலில் பதிவு செய்துள்ளார்.

அரிய நூல்கள்

பழைய பதிப்புகள், சிற்றிதழ்கள், ஊர் மலர்கள், சிறு வெளியீடுகள் ஆகியவை குறைந்த படிகளே அச்சானவை. இவற்றை ஆய்வு நூலகங்களிடம் காட்டுதல் நன்று. கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய தொகுப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தொடங்கப்பட்டது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை மின்வருடிப் பாதுகாத்து வருகிறது.

மீள்பயன்பாடு

நல்ல நிலையிலுள்ள நூல்களைப் பழைய புத்தகக் கடைகள், பள்ளிகள், படிப்பகங்கள் ஆகியவற்றுக்கு வழங்கலாம். பாடத்திட்டம் மாறிய பின்னும் பழைய பள்ளிப் பாடநூல்களைப் போட்டித் தேர்வு எழுதுவோர் தேடிப் பெறுவதுண்டு. பூஞ்சை, கரையான், இராமபாணப் பூச்சி ஆகியவை தாக்கிய நூல்கள் பிறவற்றையும் கெடுக்கும். ஆகவே அவற்றைக் கொடையாக வழங்கலாகாது.

மறுசுழற்சி

நூலின் முதுகிலுள்ள பசை காகிதக்கூழில் ஒட்டும் துணுக்குகளாகப் பிரிந்து எந்திரங்களில் படியும். எனவே கெட்டி அட்டை, துணி, நெகிழிப் படலம் ஆகியவற்றையும் பசை படிந்த முதுகையும் நீக்கி, உட்தாள்களை மட்டும் பழைய காகிதக் கடையில் கொடுப்பது சிறந்தது. ஆலையில் தாள்கள் நீரில் கூழாக்கப்படுகின்றன. கூழினுள் செலுத்தப்படும் காற்றுக் குமிழிகளில் மைத்துகள்கள் ஒட்டி, நுரையாக மேலெழுந்து நீக்கப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் இழைகள் குறுகுவதால், காகிதத்தை ஏறத்தாழ 5 முதல் 7 முறை வரையே மறுசுழற்சி செய்ய இயலும்.

மக்கவைத்தல்

நனைந்தோ பூஞ்சை பிடித்தோ மறுசுழற்சிக்கு உதவாத தாள்களைக் கிழித்து உரக்குழியில் இடலாம். காகிதத்தில் கரிமம் மிகுதி, நைதரசன் மிகக் குறைவு. ஆதலால் காய்கறிக் கழிவுடன் கலந்தாலே அது விரைவில் மக்கும். வழவழப்பான வண்ணத் தாள்களைத் தவிர்க்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

* எரித்தல்: புகையோடு, நெகிழி பூசிய அட்டைகளிலிருந்து நச்சு வளிமங்களும் வெளியேறும்.
* குப்பைமேட்டில் கொட்டுதல்: காற்றில்லாச் சூழலில் காகிதம் சிதைந்து, பைங்குடில் வளிமமான மெத்தேனை உண்டாக்கும்.
* உணவுப் பொட்டலம் மடித்தல்: அச்சு மை உணவில் கலக்கக்கூடும். அச்சிட்ட செய்தித்தாளில் உணவைப் பொதிவதற்கு எதிராக இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016இல் அறிவுரை வெளியிட்டது.