பச்சைப் பாம்பு

ஒருவரை இமை கொட்டாது கவனிப்பவரைக் ‘கண்கொத்திப் பாம்பு போலப் பார்க்கிறார்’ என்று கூறுவது நம்மவர் வழக்கம். வேலிகளிலும் புதர்களிலும் கொடியோடு கொடியாய்த் தொங்கும் பச்சைப் பாம்பிற்கே இப்பெயர் வழங்குகின்றது. அது மனிதர் கண்ணைக் குறி பார்த்துக் கொத்திவிடும் என்ற அச்சத்தினால், கண்டவிடத்திலேயே அதை அடித்துக் கொல்லுகிறார்கள். இவ்வச்சம் தகுமா என்பதை நாம் சிறிது ஆராய்வோம்.

இப்பாம்பு சாதாரணமாக நான்கைந்து அடி நீளமுள்ளது. உடலோ சாட்டைக் கயிறு போல மிக மெல்லியது. நிறம் இளந்தளிரின் பச்சை. தலை நீண்டு, மூக்கு கூர்மையாய் முன் நீண்டிருக்கும். காற்று வீசுங்கால் இதுவும் கிளையைப் போல அசைந்தாடும். ஆகவே அருகில் நிற்போரும் இதைக் காணாது போவதுண்டு. பகலில் இரை தேடும் இது, ஓணான், பல்லி, தவளை, சிறு பறவை முதலியவற்றை உண்டு வாழ்கின்றது. முட்டையிடுவதின்றிக் குட்டிகளையே ஈனும்.

இதன் கண்ணே மிகவும் வியக்கத்தக்கது. பெரும்பாலான பாம்புகளின் கண்மணி வட்டமாகவோ, நெடுக்காகப் பிளந்ததாகவோ இருக்கும். இதற்கோ அது குறுக்கே கிடந்து, பூட்டின் சாவித்துவாரம் போல அமைந்துள்ளது. அன்றியும், கண்ணின் முன்னிருந்து மூக்கு நுனிவரை இருபுறமும் ஒரு பள்ளம் ஓடுகின்றது. இவ்வமைப்பினால் இரு கண்களும் எதிரிலுள்ள ஒரே பொருளை ஒருங்கே நோக்க இயலும். இரை இருக்கும் தூரத்தைத் திட்டமாய் அறிந்து பாய்வதற்கு இஃது உதவுகின்றது.

விஷமுண்டோ எனில், உண்டு. ஆனால் அது மிகச் சொற்பம். விஷப்பற்கள் மேல்தாடையின் பின்புறத்தில் உள்ளன. இரையைக் கவ்வியபடியே இருந்து, விஷம் வேலை செய்தபின் விழுங்கும். மனிதரைக் கடித்தால் வலியும் வீக்கமும் மரத்துப்போதலும் உண்டாகிச் சில தினங்களில் நீங்கும். கலக்கமுற்றால் உடலை உப்பச் செய்து, செதில்களினிடையே கறுப்பும் வெள்ளையுமான கோடுகள் தோன்ற, வாயைத் திறந்து அச்சுறுத்தும். நம் முகத்தின் உயரத்திலுள்ள கிளைகளில் இது வாழ்வதால், தற்காப்பிற்காகப் பாயும்போது முகத்தை நோக்கி வருவதாய்த் தோன்றும். கண்ணைக் கொத்தும் என்ற கொள்கை இவ்வாறே பிறந்திருக்கலாம். இலங்கையிலும் இக்கொள்கை உண்டு. இவ்வினத்திற்கு விஞ்ஞானிகள் வழங்கும் ‘அஹேதுல்லா’ என்ற பெயர், கண்ணைப் பறிப்பது எனப் பொருள்படும் சிங்களச் சொல்லினின்றும் வந்ததே.

தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள பச்சைப் பாம்புகள் யாவும் ஒரே ஜாதி என நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2020 ஆம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சியோ அவை பல ஜாதிகள் எனக் காட்டிற்று. நமது சமவெளிகளில் உள்ளது ஒன்று. இலங்கையில் உள்ளது வேறொன்று. மேற்குத் தொடர்ச்சி மலைகளிலோ இன்னும் சில ஜாதிகள் உள. அன்றாடம் கண்டும், கொன்றும் வந்த பிராணியை நாம் சரியாய் அறிந்திருக்கவில்லை என்பதை இது தெளிவாக்குகின்றது.

எனினும் ஓர் எச்சரிக்கை அவசியம். பச்சை நிறமுள்ள பாம்பெல்லாம் பச்சைப் பாம்பன்று. மலைப்பிரதேசங்களில் மூங்கில் விரியனும் பசுமையாயிருக்கும். அதன் தலை அகன்று முக்கோண வடிவாயும், உடல் தடித்தும், கண்மணி நெடுக்காகப் பிளந்தும் இருக்கும். அதன் விஷம் கொடியது. ஆகையால் எப்பாம்பையும் கையால் தொடாதிருப்பதும், எது கடித்தாலும் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லுவதுமே விவேகம்.

தொடாதிருப்பது வேறு, கொல்லுவது வேறு. தன் வழியே செல்லும் இச்சிறு ஜீவனுக்கு நாம் செய்யவேண்டிய உபகாரம் ஒன்றே: இரண்டடி விலகி நின்று வழி விடுதல். சிருஷ்டிகர் அளித்த கண்களைக் கொண்டு அதை நன்கு நோக்குவோமாயின், அச்சம் குறையும், அறிவு வளரும்.