அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை

தெற்கு தில்லியில் அம்பேத்கர் நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. சட்டமன்றத்துக்கு அது தனித்தொகுதி. தட்சிண்புரி, மதன்கீர், கான்பூர் என்று நெருக்கமாக வீடுகள் அடைந்த வட்டாரம். 1970களில், அதிலும் நெருக்கடி நிலை காலத்தில், நகரின் நடுவில் இருந்த குடிசைகளை இடித்து அந்த மக்களை ஓரத்தில் கொண்டுபோய்ப் போட்ட இடங்களில் தட்சிண்புரியும் ஒன்று. அப்படிப்பட்ட மறுகுடியேற்றக் காலனிகளில் குடும்பத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ 25 சதுர கஜம். வீட்டைத் தூக்கிப் போட்டார்கள், வேலையைத் தூக்கிப் போடவில்லை. துப்புரவு, வீட்டு வேலை, கட்டட வேலை, காவல் வேலை எல்லாம் நகரின் நடுவிலேயே இருந்தன. இரண்டுக்கும் நடுவே இருந்தது பேருந்து.

இந்த அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு 2008 ஏப்ரலில் ஒரு தனிப் பேருந்துத் தடம் திறக்கப்பட்டது. ஆங்கிலத்தில் சுருக்கமாக பி.ஆர்.டி. என்பார்கள். முழுத் திட்டம் தில்லி கேட் வரை 14.5 கிலோமீட்டர். மூல்சந்தைத் தாண்டி அது போகவே இல்லை.

ஏற்பாடு எளிமையானது. சாலையின் நடுவில், போக ஒன்று வர ஒன்று என்று இரண்டு தடங்கள் பேருந்துக்கு மட்டும். அதற்கு வெளியே கார், இருசக்கர வாகனம், ஆட்டோ. அதற்கும் வெளியே சைக்கிளுக்குத் தனிப் பாதை. கடைசியில் நடப்பவர்களுக்கு அகலமான நடைபாதை. வடிவமைப்பில் முக்கியப் பங்கு தில்லி ஐ.ஐ.டி.யின் போக்குவரத்து ஆய்வாளர்கள் தினேஷ் மோகன், கீதம் திவாரி ஆகியோருடையது. நாம் படிக்கிற கல்லூரிகளில் சாலை என்றாலே மேம்பாலம் என்றுதான் சொல்லித்தருகிறார்கள். சைக்கிளில் போகிற கூலித் தொழிலாளியையும் கணக்கில் எடுத்து இந்த நாட்டில் போடப்பட்ட பெருநகரச் சாலைகள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று.

திறந்த முதல் வாரத்திலிருந்தே எதிர்ப்பு. இரண்டு பக்கமும் வசதி படைத்தவர்களின் குடியிருப்புகள். சிராக் தில்லி சந்திப்பில் கார்கள் நீளமாக நின்றன. ஆங்கிலப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அந்த வரிசையைத்தான் படம் பிடித்தன. பக்கத்திலேயே தடையில்லாமல் போன பேருந்தின் உள்ளே யார் இருந்தார்கள் என்று கேட்கக் கேமரா ஏறவில்லை.

குறைகள் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். பேருந்து நிறுத்தம் சாலையின் நடுவில் இருந்ததால் பயணிகள் கார் தடத்தைக் கடந்துதான் போக வேண்டும். தொடக்கத்தில் விபத்துகள் நடந்தன, உயிர்களும் போயின. சந்திப்புகளில் சிக்னல் மாற நெடுநேரம் ஆனது. எல்லாப் பேருந்துகளையும் அந்தத் தடத்தில் விட்டதால், பழுதாகி ஒன்று நின்றால் பின்னால் வருவதெல்லாம் நின்றது. 2009இல் அகமதாபாத்தில் தொடங்கிய ஜன்மார்க், அதற்கென்றே தனிப் பேருந்துகளையும் மூடிய நிலையங்களையும் வைத்து இவற்றில் சிலவற்றைத் தவிர்த்தது. தில்லியிலும் திருத்தியிருக்கலாம். திருத்துவதா, எடுத்துவிடுவதா என்று வந்தபோது யாருடைய குரல் கேட்டது என்பதுதான் நமக்கு முக்கியம்.

2012இல் விவகாரம் தில்லி உயர் நீதிமன்றத்தில் சூடு பிடித்தது. தடத்தை எல்லா வாகனத்துக்கும் திறந்துவிட வேண்டும் என்பது மனு. அதில் வைக்கப்பட்ட ஒரு வாதத்தை மாணவர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். காரில் போகிறவர்கள் செல்வத்தை உருவாக்குகிறவர்கள், அவர்களுடைய நேரம் சாலையில் வீணாகக் கூடாது என்றார்கள். அப்படியானால் காலை ஐந்து மணிக்கு எழுந்து, தன் வீட்டில் உலை வைத்துவிட்டு, இன்னொரு வீட்டில் பாத்திரம் துலக்கப் பேருந்து ஏறுகிற பெண் எதை உருவாக்குகிறாள்? அவள் அரை மணி தாமதமானால் அந்தக் காரே வீட்டை விட்டுப் புறப்படாது. பிறப்பை வைத்து மனிதருக்கு விலை போட்ட பழக்கம், நகரத்துக்குப் போனதும் நேரத்தை வைத்து விலை போடுகிறது. கணக்குப் பிள்ளை மாறியிருக்கிறார், பேரேடு அதேதான்.

நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 2012 அக்டோபரில் மனுவைத் தள்ளுபடி செய்தது. சோதனைக்காகப் பேருந்துத் தடத்தில் எல்லா வண்டிகளையும் விட்டுப் பார்த்து, தடம் இல்லாமலிருப்பதே மேல் என்று மத்தியச் சாலை ஆராய்ச்சி நிறுவனம் அறிக்கை தந்திருந்தும்கூட அந்தத் தீர்ப்பு வந்தது. 2006இன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலையை வண்டிகளுக்காகத் திட்டமிடாமல் மக்களுக்காகத் திட்டமிடச் சொல்கிறது. அறுபது பேர் போகிற பேருந்தும் ஒருவர் போகிற காரும் சாலையில் ஒரே அளவு உரிமை கேட்க முடியாது என்பதே அதன் சாரம். வாக்குரிமையில் நாம் பெற்ற ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற கணக்கைத் தார்ச்சாலையில் போட்டுப் பார்த்தால் வருகிற விடைதான் அது.

வழக்கில் வென்ற தடம் அரசியலில் தோற்றது. ஷீலா தீட்சித் அரசு போட்டதை, எளிய மக்களின் வாக்கில் பெருவெற்றி பெற்று வந்த ஆம் ஆத்மி அரசு 2015இல் எடுத்துவிட முடிவு செய்தது. 2016 ஜனவரியில் இடிப்பு தொடங்கியது. அம்பேத்கர் நகர் மக்களும் அந்தக் கட்சிக்குத்தான் வாக்களித்திருந்தார்கள். கார் வைத்திருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள், பேட்டி கொடுத்தார்கள், விடாமல் எழுதினார்கள். பேருந்துக்காரர்களுக்குச் சங்கம் இல்லை. இருந்த கொஞ்ச நேரத்தையும் அவர்கள் வேலைக்குப் போவதில் செலவழித்துவிட்டார்கள். அதே அரசு 2022 ஏப்ரலில் பேருந்துகள் இடது ஓரத் தடத்திலேயே போக வேண்டும், மற்ற வண்டிகள் அதில் நுழையக் கூடாது என்று அபராதத்தோடு இயக்கம் நடத்தியது. கல்லால் கட்டியிருந்ததை உடைத்துவிட்டுச் சாயக் கோட்டால் காப்பாற்றப் பார்த்தார்கள்.

வண்டியில் யாருக்கு இடம் என்ற கேள்வி நமக்குப் புதிதில்லை. 1929இல் சாலிஸ்காவ்ன் ரயில் நிலையத்தில் இறங்கிய அம்பேத்கருக்குக் குதிரைவண்டி ஓட்ட யாரும் முன்வரவில்லை. வண்டியை வேண்டுமானால் தருகிறேன், தீண்டப்படாதவரை உட்காரவைத்து ஓட்டமாட்டேன் என்றார் வண்டிக்காரர். பழக்கமில்லாத ஒருவர் ஓட்ட, பாலத்தில் வண்டி மோதி, அம்பேத்கர் கல்தளத்தில் தூக்கி எறியப்பட்டுக் கால் எலும்பு முறிந்தது. பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய பிறகு நடந்தது இது.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. 1997இல் விருதுநகர்ப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தபோது, அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று கிளம்பினார்கள். தென் மாவட்டங்கள் எரிந்தன. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. தில்லியில் பலகையில் அம்பேத்கர் பெயர் இருந்ததை யாரும் ஆட்சேபிக்கவில்லை. அந்த நகரிலிருந்து வந்த பேருந்து தங்கள் காரை முந்திப்போவதைத்தான் பொறுக்க முடியவில்லை. இங்கே இன்றும் எத்தனையோ காலனிகளுக்குப் பேருந்து வருவதில்லை. ஊரோடு திரும்பிவிடுகிறது. மிச்சத் தூரம் பள்ளிப் பிள்ளைகளின் கால்களுக்கு.

தூக்கிப் போடுவதும் நிற்கவில்லை. 2025 ஜூன் 1 அன்று தில்லி ஜங்புராவில் நம் தமிழ் மக்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். மாற்று வீடு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களுக்கும் அது நகரின் வடகோடி நரேலாவில். அந்தப் பெண்களில் பலர் வீட்டு வேலை செய்தது ஜங்புராவையும் அதைச் சுற்றியும்தான். நரேலாவிலிருந்து அங்கே வந்து சேரப் பேருந்தில் எத்தனை மணி நேரம் என்பதை, இடத்தை ஒதுக்கியவர்கள் ஒருநாள் ஏறிப் பார்த்திருக்கலாம்.

அம்பேத்கர் நகருக்கு இப்போது மெட்ரோ வருகிறது. துக்ளகாபாத்திலிருந்து ஏரோசிட்டி போகும் பாதையில் கான்பூர், அம்பேத்கர் நகர் நிலையங்கள் உண்டு. பழைய பேருந்துத் தடம் போன பக்கமாகவே சிராக் தில்லி வழியே லாஜ்பத் நகருக்கும் சாகேத்துக்கும் இடையே இன்னொரு பாதைக்கு 2024 மார்ச்சில் ஒப்புதல் ஆகியிருக்கிறது. கார்களின் இடத்தில் ஓர் அடிகூடக் கேட்காத திட்டம் என்பதால் இதை எதிர்த்து அந்த மாதிரி மனு வராது. தில்லி நகரப் பேருந்துகளில் 2019 அக்டோபரில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. மெட்ரோவுக்கும் சேர்த்துத்தான் அதை முதலில் அறிவித்தார்கள். மெட்ரோவில் அது நடைமுறைக்கு வரவில்லை. 2017இல் ஒரே ஆண்டில் இரண்டு முறை கட்டணம் ஏறியது. 2025 ஆகஸ்டில் மீண்டும் ஏறியிருக்கிறது.