உஷார்! கடிகார மாட்யூலில் இருக்கும் பட்டன் செல்லைக் கழற்றுங்கள்

ஆர்டுயினோ வைத்து ஸ்கூல் பெல், மோட்டார் டைமர், மீன்தொட்டி விளக்கு என்று எதையாவது செய்து இரவும் பகலும் ஓடவிட்டிருக்கிறீர்களா? அதில் நேரம் பார்க்க டிஎஸ்3231 மாட்யூல் இருக்கிறதா? தீப்பெட்டியைவிடச் சிறிய நீலப் பலகை, மேலே 'இசட்எஸ்-042' என்ற அச்சு. இருந்தால் முதலில் சப்ளையை நிறுத்துங்கள். பின்புறம் உள்ள பட்டன் செல்லைக் கழற்றி ஓரமாக வையுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் சல்லிசாகக் கிடைக்கும் மாட்யூல் இது. கரன்ட் போனாலும் கடிகாரம் நிற்காமல் இருக்க அதில் நாம் போடுவது, எந்தக் கடையிலும் கிடைக்கும் சிஆர்2032. அது சார்ஜ் ஏற்றவே கூடாத 3 வோல்ட் லித்தியம் செல். ஆனால் அந்தப் பலகையில் சார்ஜ் ஏற்றும் சர்க்யூட் ஒன்று இருக்கிறது! 5 வோல்ட் சப்ளையிலிருந்து ஒரு 200 ஓம் ரெசிஸ்டர், ஒரு 1என்4148 டயோடு, அங்கிருந்து நேராகச் செல்லின் பிளஸ் முனை. அவ்வளவுதான். செல் நிறைந்ததா, அது எந்த வகைச் செல் என்று பார்க்க அங்கே எதுவும் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 வோல்ட்டில் டயோடுக்கு 0.7 போக மிச்சம் 4.3. செல்லின் 3 வோல்ட்டைக் கழித்தால் 1.3. அதை 200 ஓமால் வகுத்தால் 6.5 மில்லி ஆம்ப். செல்லின் வோல்ட்டேஜ் ஏற ஏற இது குறையும். ஆனால் சப்ளை இருக்கும்வரை கரன்ட்டை உள்ளே தள்ளும் முயற்சி நிற்காது. லித்தியம் செல்லை இப்படிச் சார்ஜ் செய்தால் உள்ளே வாயு சேரும், செல் உப்பும், கசியும். நிலைமை முற்றினால் வெடித்துத் தீப்பிடிக்கவும் கூடும். உள்ளே இருப்பது எரியக்கூடிய திரவம். பள்ளிக்கூடத்துச் சுவரில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், ஆளில்லாத இரவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

“சார்ஜ் ஏறும் எல்ஐஆர்2032 போட்டுவிட்டால் போச்சு” என்பார்கள். அதுவும் சரிப்படாது. அந்தச் செல்லுக்கு உச்ச வரம்பு 4.2 வோல்ட். இந்தச் சர்க்யூட் 5 வோல்ட்டில் அதைத் தாண்டித் தள்ளும். “இத்தனை நாளாக எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்பவர்களுக்கு: 3.3 வோல்ட்டில் ஓட்டினால் புதுச் செல்லுக்குள் கரன்ட் ஏறாது, ஆகவே ஒன்றும் ஆகியிருக்காது. நாளைக்கு அதே மாட்யூலைக் கழற்றி 5 வோல்ட் ஊனோவில் மாட்டினால் ஆபத்து கூடவே வரும்.

இத்தனைக்கும் அந்தச் சார்ஜிங் தேவையே இல்லை. பேக்கப்பில் நேரம் காக்க டிஎஸ்3231 எடுப்பது அதிகபட்சம் 3 மைக்ரோ ஆம்ப். சிஆர்2032-இல் இருப்பது சுமார் 220 மில்லி ஆம்ப் ஹவர். கரன்ட் ஒரு நொடிகூட வராவிட்டாலும் எட்டு வருஷம் தாங்கும்.

செல்லை எடுத்துவிட்டு, மாட்யூலுக்கு 5 வோல்ட் கொடுத்து, ஹோல்டரின் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வையுங்கள். 4 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சார்ஜிங் சர்க்யூட் உயிரோடு இருக்கிறது. சப்ளையை நிறுத்தி, சிவப்புக் கண்ணாடிக் குழல் போல் இருக்கும் டயோடையோ, '201' என்று எழுதிய ரெசிஸ்டரையோ சால்டரிங் அயர்ன் வைத்து எடுத்துவிடுங்கள். இரண்டில் ஒன்று போதும். மறுபடி அளந்து, அந்த வோல்ட்டேஜ் போய்விட்டதை உறுதி செய்தபிறகே சிஆர்2032-ஐப் போடுங்கள்.

ராஸ்பெர்ரி பை 5-ஐப் பாருங்கள். கடிகார பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் வசதி அதிலும் உண்டு. ஆனால் நாமாக ஆன் செய்தால்தான் வேலை செய்யும். சார்ஜ் ஏறாத லித்தியம் செல் போட்டிருந்தால் அதை ஒருபோதும் ஆன் செய்யாதீர்கள்.

சொந்தமாகப் பலகை டிசைன் செய்பவர்களுக்கு: டிஎஸ்3231-க்குள்ளேயே சப்ளை மாற்றும் வசதி இருப்பதால் செல்லை நேராக வி-பேட் பின்னுக்குக் கொடுக்கலாம். அந்த வசதி இல்லாத சிப் என்றால் செல்லின் வழியில் டயோடு கட்டாயம். ஒரு டயோடு மட்டும் போதாது, அது ஷார்ட் ஆனால் காவலே இல்லை. கூடவே தொடரில் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரையாவது போடுங்கள்; மைக்ரோ ஆம்ப் கணக்கில் அதனால் இழப்பு ஒன்றுமில்லை. 1என்5819 போன்ற பெரிய ஷாட்கி டயோடுகளை இங்கே தவிர்த்துவிடுங்கள். தகரக் கூரைக்கு அடியில் சூடேறினால் அவற்றின் பின்கசிவு பல மடங்கு கூடிச் செல்லுக்குள் போகும். செல்லின் மேல் நேரடியாகப் பற்ற வைப்பதும் வேண்டவே வேண்டாம், ஹோல்டர் போடுங்கள்.

கழற்றிய செல் உப்பியிருந்தால் குத்திப் பார்க்காதீர்கள், மறுபடி பயன்படுத்தாதீர்கள். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். அதுவரை குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பட்டன் செல்லை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடக்கூடும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.